வண்டியின் பெட்டி கெட்டுவிட்டதா?

சென்ற ஆண்டு ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவில் ஒரு பிக்கப் வண்டி மூன்று வாரங்களாக அசையாமல் நின்றது. ஆரணிக்கும் சுற்றியுள்ள தறிகளுக்கும் பட்டு நூல், தறிச் சாமான், இடையிடையே சந்தைக்குக் காய்கறி என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. கடன் வாங்கி வாங்கியது. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

"பெட்டியே போயிடுச்சாம் சார். வேற போட்டும் கிளம்பலை" என்றார் உரிமையாளர்.

"பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுடலையே, அண்ணே?" என்று கேட்டேன். நல்ல வேளையாக, அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு சாக்கில் சுற்றிக் கிடந்தது.

அவர் 'பெட்டி' என்றது என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை. பட்டறைகளில் அதை ஈ.சி.எம். அல்லது ஈ.சி.யு. என்பார்கள். வண்டியின் மூளை என்றும் சொல்வதுண்டு. அவ்வளவு பெரிய பட்டத்தை அதற்குத் தர எனக்கு விருப்பமில்லை. கேட்பதும் கணக்கிடுவதும் ஆணையிடுவதுமே அதன் வேலை. ஆனால் அந்த வேலையை அது செய்யும் வேகம் வியப்புக்குரியது.

பழைய டீசல் வண்டிகளில் எரிபொருளை அளந்து தந்தது முற்றிலும் இயந்திர முறையிலான பம்பு. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் நிலை நான்கு புகை விதிகளும், 2020 ஏப்ரல் முதல் நிலை ஆறு விதிகளும் வந்தபின், அந்த முறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்றைய டீசல் என்ஜினில் எரிபொருள், காமன் ரெயில் எனப்படும் பொதுக்குழாயில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கிறது. எந்த இன்ஜெக்டரை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைப் பெட்டி முடிவு செய்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்றால், வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 பாகை. ஆகவே கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியில் 18,000-இல் ஒரு பங்கு! இந்த நேரத்தைத் தவறவிட்டால் புகை வரும், இழுவை குறையும், என்ஜின் தட்டும். தண்டின் நிலையை அறிய, அதனுடன் சுற்றும் ஒரு பல் சக்கரம் உண்டு. பல வண்டிகளில் 60 பற்களுக்கு உரிய இடத்தில் 58 பற்களே இருக்கும். விடுபட்ட அந்த இடைவெளி உணரியைக் கடக்கும்போது, சுற்று எங்கே தொடங்குகிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும்.

வெப்பத்தை அறிவதும் எளிய இயற்பியலே. குளிர்நீரில் தோய்ந்திருக்கும் உணரி, சூடேறச் சூடேற மின்தடை குறையும் ஒரு பொருளால் ஆனது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 பாகை செல்ஷியஸில் சுமார் 2,500 ஓம் இருக்கும் தடை, 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். பெட்டி 5 வோல்ட் கொடுத்து, திரும்பும் மின்னழுத்தத்தைப் பார்த்து வெப்பநிலையைக் கண்டுகொள்கிறது.

நம் தெரு வண்டிக்கு வருவோம். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. நாலு பேர் தள்ளிவிட்டால் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் ஒழுங்காக ஓடும். பட்டறையில் ஸ்கேனரை இணைத்தபோது பெட்டி சில வேளை பதில் சொன்னது, சில வேளை சொல்லவில்லை. பதில் சொல்லாத பெட்டி கெட்ட பெட்டி என்று முடிவாயிற்று. பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பெட்டியை விலை பேசி வாங்கிப் பொருத்தினார்கள். இப்போது தள்ளினாலும் பிடிக்கவில்லை.

பழைய பெட்டியையே மீண்டும் பொருத்தச் சொன்னேன். பிறகு பாட்டரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்தேன். 0.3 ஓம் காட்டியது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாலும் அதே 0.3. அதாவது அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. எர்த்தில் குறையே இல்லை என்பது போன்ற தோற்றம். பட்டறையிலும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சாதாரண மீட்டரால் 0.02 ஓமைப் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் ஓம் விதியால் இயலும். மீட்டரை வோல்ட் நிலைக்கு மாற்றி, அதே இரு இடங்களில் வைத்து, அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மீட்டர் 2.8 வோல்ட் காட்டியது! நல்ல இணைப்பில் அது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுத்த மின்னோட்டம் 140 ஆம்பியர் எனக் கொண்டால், 2.8-ஐ 140-ஆல் வகுக்க, கிடைப்பது 0.02 ஓம். அந்த நேரத்தில் பாட்டரியின் மின்னழுத்தம் 9.5 வோல்ட்டாக இறங்கியிருந்தது. அதில் 2.8 எர்த்திலேயே தொலைந்தால் பெட்டிக்குக் கிடைப்பது 6.7 வோல்ட் மட்டுமே. இந்த அளவில் பெட்டியினுள் இருக்கும் நுண்கணிப்பி மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தள்ளிவிடும்போது ஏன் பிடித்தது? ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. சில ஆம்பியர்களே ஓடுகின்றன. 10 ஆம்பியரை 0.02-ஆல் பெருக்கினால் 0.2 வோல்ட். அந்த இழப்பைப் பெட்டி பொருட்படுத்துவதில்லை.

குறை எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. சில மாதங்களுக்கு முன் வண்டியின் பின்பாடிக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். எர்த் பட்டையைக் கழற்றி, சட்டத்திற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்னோட்டம் எப்படியோ போய் வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அதுவும் துருப்பிடித்தது. உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான இரும்பின் மேல் பட்டையை வைத்து முடுக்கினோம். மீட்டரில் 0.1 வோல்ட். வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது.

அப்படியானால் வாங்கிய பெட்டி ஏன் முற்றிலும் மறுத்தது? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டி எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மாங்காயும் மயிலும் புடவையில் வருவது, துளையிட்டுக் கோத்த அட்டைகளால். பக்கத்து வீட்டு அட்டைமாலையோடு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் பக்கத்து வீட்டுக் கரைதான் நெய்யும். மின்னணுப் பெட்டியிலும் அப்படியே. வெளி உருவமும் இணைப்பானும் ஒன்றாக இருக்கலாம். நினைவகத்தில் எழுதப்பட்ட அட்டவணைகள் வேறு என்ஜினுக்கு உரியவையாக இருக்கலாம்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பாட்டரி இல்லாத ஒரு சிறு சில்லு இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, ஃபாரடே கண்ட மின்தூண்டல் முறையில் அந்தச் சில்லு உயிர்பெற்று, தன் குறியீட்டைச் சொல்கிறது. குறியீடு பெட்டியின் நினைவகத்தில் உள்ளதோடு பொருந்தினால்தான் இன்ஜெக்டர் திறக்கும். வந்த பெட்டிக்கு நம் சாவியைத் தெரியாது. திருடனைத் தடுக்கும் ஏற்பாடு சொந்தக்காரரையே தடுத்துவிட்டது.

பெட்டிகள் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. இணைப்பானில் நீர் புகுந்து பின்கள் பச்சை பூத்துப் போவது ஒரு காரணம். ஓடும் என்ஜினில் பாட்டரி முனையைக் கழற்றுவது இன்னொன்று. ஏற்றுவதற்கு இடமின்றி ஆல்டர்னேட்டர் அந்தக் கணத்தில் மின்னழுத்தத்தைப் பல பத்து வோல்ட் உயர்த்திவிடும். பாட்டரியைக் கழற்றாமல் பாடிக்கு மின்பற்றவைப்பு செய்வதும் ஆபத்து. இவற்றால் பெரும்பாலும் பழுதாவது, இன்ஜெக்டர்களுக்கு 50 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தித் தரும் சுற்று, அல்லது அவற்றை இயக்கும் டிரான்சிஸ்டர்கள். ஒரு குறிப்பிட்ட இன்ஜெக்டர் மட்டும் எப்போதும் வேலை செய்யாமல், அதன் வயரும் சுருளும் சரியாக இருந்தால், பெட்டியைச் சந்தேகிக்கலாம். ஆனால் உணரி ஒன்று உள்ளேயே குறுக்கிணைப்பு ஆகி, எல்லா உணரிகளுக்கும் பொதுவான 5 வோல்ட்டைக் கீழே இழுத்துவிட்டாலும் பெட்டி செத்தது போலவே தோன்றும். உணரிகளின் இணைப்பை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால், எதை உருவியதும் 5 வோல்ட் திரும்பியதோ, அதுவே குற்றவாளி.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பாட்டரியைக் கழற்றிய பிறகே இணைப்பானைத் தொட வேண்டும். பெட்டியின் மேல் உள்ள எண்கள் முழுவதும் பொருந்த வேண்டும். கடைசி இலக்கம் மாறினாலும் உள்ளே எழுதியிருப்பது மாறலாம். பொருத்தியபின், உரிய கருவியால் வண்டியின் அடையாள எண்ணையும் சாவிகளையும் பதிய வேண்டும். பல வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே தொழிற்சாலையில் பிறந்தாலும் இரு இன்ஜெக்டர்கள் துல்லியமாக ஒரே அளவு தெளிப்பதில்லை; அந்த நுண்ணிய வேறுபாட்டைத்தான் அக்குறியீடு சொல்கிறது. அதையும் உருளை வரிசைப்படி எழுதாவிட்டால், புதிய பெட்டியிலும் என்ஜின் நொண்டும்.

பயன்படாமற்போன அந்த இரண்டாம் பெட்டியை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் அதை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். மாணவர்கள் மூடியைத் திறந்து, அலுமினிய உறையோடு ஒட்டியிருக்கும் டிரான்சிஸ்டர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.