ஏற்காட்டில் தடுப்பூசி குறைவது சேலத்துக்கு எப்படித் தெரிகிறது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கே தடுப்பூசி தீர்ந்தபிறகு சேலத்திலிருந்து வண்டி கிளம்பினால், கைக்குழந்தையோடு வந்த தாய் ஊசி போடாமலே திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் அரிசி எப்போது வாங்குகிறீர்கள்? டப்பாவில் நாலு படி இருக்கும்போதே அல்லவா? தடுப்பூசி இருப்பைக் கண்காணிக்க 2015-இல் இந்தியாவில் தொடங்கிய 'இவின்' (eVIN) திட்டமும் அப்படித்தான். தடுப்பூசி போட்ட நாள் முடிவில், சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பொறுப்பாளர் மிச்சக் கணக்கைக் கைபேசிச் செயலியில் பதிகிறார். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கினால், மாவட்ட அதிகாரியின் திரையில் தெரிந்துவிடும்.

குளிர்பெட்டியிலோ சிம் கார்டு பொருத்திய வெப்பமானிக் கருவி. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போய்ச் சூடேறினால் குறுஞ்செய்தி பறக்கும்.

எல்லாம் சரி, அன்றைய கணக்கை அன்றே பதியாவிட்டால் திரை பொய் சொல்லும். பதிகிற பணியாளருக்கு அதற்கான நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும்.