சூடு கண்ட பூனையும் அருகில் வரும்!

கொல்லைப் பக்கம் தினமும் ஒரு பூனை வருகிறது. மதில்மேல் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. "பூஸ், பூஸ்" என்று கூப்பிட்டால் ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறது.

"நாம் அதை ஒன்றும் செய்யவில்லையே! ஏன் ஓடுகிறது?" என்று குழந்தைகள் கேட்கிறார்கள்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது" என்பது பழமொழி. யாரோ ஒருவர் வெந்நீரை ஊற்றி இருப்பார். யாரோ ஒரு சிறுவன் கல் எறிந்து இருப்பான். அடித்தவர் வேறு, அழைப்பவர் வேறு என்பது பூனைக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பயத்தைப் போக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு அதிகப் பணம் வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.

இரண்டு வகை

தெருப்பூனைகளில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, முன்பு ஒரு வீட்டில் வளர்ந்து, பிறகு கைவிடப்பட்ட பூனை. இது நம்மைப் பார்த்துக் கத்தும். சில வாரங்களில் பழகிவிடும்.

மற்றொன்று, தெருவிலேயே பிறந்து, மனிதர் கை படாமல் வளர்ந்த பூனை. இது பெரும்பாலும் சத்தமே போடாது. பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குட்டிப் பருவம். பிறந்த 2-வது வாரத்தில் இருந்து 7-வது வாரம் வரை மனிதர்கள் தொட்டுத் தூக்கிய குட்டி, பிற்காலத்தில் மனிதர்களைக் கண்டு அஞ்சாது. அமெரிக்காவில் 1980-களில் நடந்த ஆராய்ச்சிகள் இதை எடுத்துக் காட்டின. அந்தக் காலம் தப்பிவிட்டால் பயம் வேரூன்றிவிடும்.

எப்படிப் பழக்குவது?

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். உப்பு போடாமல் வேகவைத்த மீனை முள் எடுத்து வைக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. குடிக்கத் தண்ணீர் வைத்தால் போதும்.

உணவை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்த் தரையில் உட்காருங்கள். நிற்கும் மனிதன் பூனையின் கண்ணுக்குப் பனைமரம்போல் தெரிவான்!

பூனை பயம் இல்லாமல் சாப்பிடத் தொடங்கிய பிறகு, சில நாட்களுக்கு ஒரு முறை தட்டை ஒரு சாண் அருகில் நகர்த்துங்கள்.

அதை உற்றுப் பார்க்காதீர்கள். பூனைகளுக்குள் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது ஆகும். கண்களை மெதுவாக மூடி மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கண்ணை மூடித் திறந்தபோது, பூனைகள் அவர் நீட்டிய கையை நோக்கி அதிகமாக வந்தன.

ஒருநாள் பூனை உங்கள் விரலை முகர்ந்து பார்க்கும். கன்னத்தைத் தேய்க்கும். அப்போது கன்னத்தையும் தாடையையும் மெல்லத் தடவுங்கள். வயிற்றையும் வாலையும் தொடாதீர்கள். ஆசைப்பட்டு வாரி எடுத்தால் ஒரு மாத உழைப்பு வீண்!

லண்டன் பூனை

லண்டன் நகரில் ஜேம்ஸ் போவன் என்பவர் தெருவில் பாட்டுப் பாடிப் பிழைத்து வந்தார். போதைப் பழக்கத்தில் இருந்து மீளப் போராடிக் கொண்டிருந்தார். 2007-ம் ஆண்டு, அவர் குடியிருந்த கட்டிடத்தில், காலில் புண்ணோடு ஒரு பூனை ஒதுங்கிக் கிடந்தது. கையில் இருந்த சொற்பப் பணத்தை அதன் மருந்துக்குச் செலவிட்டார்.

புண் ஆறியது. "இனி அதன் விருப்பம்" என்று வெளியே விட்டார். பூனை போகவில்லை. தெருவில் அவர் பின்னாலேயே நடந்தது. பஸ்சிலும் ஏறியது!

அதற்கு "பாப்" என்று பெயர். தன்னை நம்பிய அந்தப் பூனையே தன் வாழ்வை மாற்றியது என்று போவன் எழுதிய புத்தகம் 2012-ல் வெளிவந்தது. 2016-ல் அது சினிமாப் படமாயிற்று. 2020-ல் பாப் இறந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் அதற்குச் சிலை வைத்தார்கள்.

கடித்துவிட்டால்?

வெறிநோய் நாயால் மட்டும் வருவது அல்ல, பூனையாலும் வரும். பூனை கடித்தாலோ, கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள். சிறு குழந்தைகளைத் தெருப்பூனையிடம் தனியாக விடாதீர்கள்.

பூனை பழகியதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்த் தடுப்பூசி போடுங்கள். கருத்தடை ஆபரேஷனும் செய்துவிடுங்கள். பெண் பூனை ஆறு மாதம் முடியும் முன்பே சினைப்படலாம். சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும்.

கடைசியாக ஒன்று

சில பூனைகள் எத்தனை மாதம் ஆனாலும் கைக்கு வருவது இல்லை. வருந்த வேண்டாம். பத்தடி தூரத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டால், அதுவும் நம்பிக்கைதான்.

ஆனால் பழக்கிய பூனையைப் பாதியில் கைவிடாதீர்கள். வீடு மாறினால் அதையும் கொண்டு போங்கள். முடியாவிட்டால் நல்லவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பயந்த பூனை, கல்லைக் கண்டால் ஓடிப் பிழைத்துக் கொள்ளும். மனிதனை நம்பக் கற்ற பூனையோ, கல் வைத்திருப்பவன் அருகிலும் வாலை உயர்த்திக்கொண்டு போய் நிற்கும்!