கார் பற்றரியும் இன்வேட்டரும்: வலுச் சமன்பாட்டின் ஒரு பிரயோகம்

மாணவர்களே, வலு = அழுத்த வேறுபாடு × மின்னோட்டம் என்பதை மனனஞ் செய்திருப்பீர்கள். பற்றரியுடன் இன்வேட்டரை இணைக்கத் தடித்த வயர் ஏன் தேவை என்பதற்கு விடையும் அதுவே.

1990களில் வன்னிக்குப் பற்றரிகள் கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அவ்வாறான வேளையில் வாகனப் பற்றரியால் விளக்கையும் மின்விசிறியையும் இயக்கலாம்.

கார் பற்றரியில் 6 ஈய அமிலக் கலங்கள் தொடராக உள்ளன. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற்று. ஆகவே மொத்தம் 12 வோல்ற்று. இன்வேட்டர் இந்த நேரோட்டத்தை 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றும். 300 வாற்றுச் சாதனமொன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ற்றுப் பக்கத்தில் பாய்வது 1.3 அம்பியர் மட்டுமே. பற்றரிப் பக்கத்திலோ 300 ÷ 12 = 25 அம்பியர்! இன்வேட்டரின் வினைத்திறன் 100 சதவீதம் அல்லவாதலால் உண்மையில் 30 அம்பியரை நெருங்கும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. மெல்லிய வயரின் காவலி உருகித் தீப்பற்றக்கூடும். எனவே வயர் தடித்ததாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும். உருகியை நேர் முடிவிடத்துக்கு அருகிலேயே பொருத்துக. அதை இன்வேட்டர்ப் பக்கத்தில் வைத்தால், இடையில் வயர் உரசிக் குறுஞ்சுற்றானால் அது பயன்படாது.

12 வோல்ற்று ‘அடிக்காது’ என்பார்கள். சரிதான், ஆனால் ஒரு ஸ்பனர் இரு முடிவிடங்களையும் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். ஆகவே பற்றரியை வாகனத்திலிருந்து கழற்றும்போது, வாகன உடலுடன் இணைந்த மறை முடிவிடத்தை முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுக. இன்வேட்டரை நிறுத்திவைத்தே இணைக்க வேண்டும்.

மின்னேற்றும்போது மின்பகுபொருளிலுள்ள நீர் பகுக்கப்பட்டு ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவரும். ஒரு தீப்பொறி போதும், பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில், முதலில் சார்ஜரின் கிளிப்புகளை முடிவிடங்களில் மாட்டி, பின்னரே சுவர் ஆளியைப் போடுக. கழற்றும்போது முதலில் ஆளியை நிறுத்துக.

இன்வேட்டரின் வெளியீட்டை ஒருபோதும் சுவர்ச் செருகியிற் கொடுக்காதீர்கள். அது வெளிக்கம்பிக்குப் போய், மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரைக் கொல்லலாம். வெளிமின் திரும்பினால் இன்வேட்டரும் எரியும்.

பயிற்சி: கார் பற்றரியை முழுதாக வெறுமையாக்கினால் தட்டுகளில் ஈய சல்பேற்று இறுகிப் பழுதாகும். 60 அம்பியர்-மணித்தியாலப் பற்றரியின் பாதியை மட்டும் பயன்படுத்தி 80 வாற்றுச் சுமையை எவ்வளவு நேரம் இயக்கலாம்?
80 ÷ 12 = 6.7 அம்பியர், 30 ÷ 6.7 = ஏறத்தாழ 4½ மணித்தியாலம். இன்வேட்டரின் வினைத்திறன் 85 சதவீதம் எனின், 4 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.