மலையேறும் மாணவருக்கு ஒரு கைப்பிடி

ஹந்தானை மலையேறப் புறப்படும் பிள்ளையின் பையில் எதை வைத்தனுப்புவது? மேனாட்டார் மலைவழி நடக்கையில் கொட்டைகளையும் உலர்ந்த பழங்களையும் கலந்து எடுத்துச் செல்வர். அதற்கு ஈடானவற்றை நாம் கண்டிச் சந்தையிலேயே பெறலாம்: வறுத்த கச்சான், வறுத்த கடலை, எள்ளுருண்டை, முந்திரிகை வற்றல்.

வறுத்த கச்சான் 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் உள. கொழுப்பு மெல்லச் செரிப்பதால் பசி விரைவில் தலைகாட்டாது. வற்றலின் சர்க்கரையோ களைத்த கால்களுக்கு விரைந்து வலுவூட்டும். கடலையிற் குறைந்த மெதியோனின் எள்ளில் மிகுதி. எள்ளிற் குறைந்த லைசின் கடலையில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

ஆயினும் அளவு வேண்டும். ஒரு கைப்பிடியான 30 கிராம், ஏறக்குறைய 150 கலோரி தரும்; அதற்கு மேல் வேண்டாம்.

கண்டியின் ஈரக்காற்றிற் கச்சானைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் உண்டாக்கக்கூடிய அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றும் நீங்காதது. ஆகவே நிறம் மாறிய, கசந்த மணிகளை எறிந்துவிடுக. நல்லனவற்றைக் காற்றுப் புகாத போத்தலில் வைத்திடுக. சிறு குழந்தைகளுக்கு முழுமணி கொடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கச்சான் ஒவ்வாதோர் அதனைத் தொடவே கூடாது.

இவ்வளவும் கவனித்தால், பணம் அதிகம் செலவின்றிப் பிள்ளைக்கு நல்ல போஷாக்கைக் கொடுத்தவராவோம்.