சூரை மீனும் தூண்டில் ரீலும்

60 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டால் அறுந்துபோகும் நூல் ஒன்று இருக்கிறது. அதன் நுனியில் 300 கிலோ எடையுள்ள சூரை மீன் அகப்பட்டுக்கொண்டு ஆழ்கடலை நோக்கிப் பாய்கிறது. நூல் அறுமா, அறாதா? கணக்குப் பயின்ற மாணவர் எவரும் அறுந்துவிடும் என்றே விடை கூறுவர். ஆயினும் 1979-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாக் கடலில் கென் ஃபிரேசர் என்பவர், 679 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைத் தூண்டிற்கோலால் பிடித்திருக்கிறார். இது எவ்வாறு இயலும்?

விடை, கோலின்மேல் பொருத்தப்பட்ட ரீல் என்னும் கருவியில் இருக்கிறது. அது மீனை நிறுத்துவதில்லை. ஓடுகின்ற மீனுக்கு நூலை விட்டுக்கொடுக்கிறது; ஆனால் அளவோடு, உழைக்கச் செய்து விட்டுக்கொடுக்கிறது. நூல் சுற்றிய உருளையின் பக்கத்தே இரு தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து தடையாக நிற்கின்றன. மீனின் வலிமை அந்த உராய்வில் வெப்பமாகக் கழிந்துபோகிறது.

இந்தத் தடை தொடக்கத்தில் இருந்ததில்லை. 1898-இல் கலிபோர்னியாவை அடுத்த சாண்டா கேட்டலினாத் தீவில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு, அதாவது 83 கிலோச் சூரையைப் பிடித்த காலத்தில், மீன் ஓடும்போது ரீலின் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். அகப்பட்ட விரல் முறியும். உருளையின்மேல் தோல் துண்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்துவதே அன்றைய தடை. பின்னர் உராய்வுத் தட்டுகளை உள்ளே அமைத்த ரீல் தோன்றியது. அத்தகைய ரீலைக் கொண்டு வில்லியம் போஷன் என்பவர் 1913-இல் அதே தீவின் அருகே வாள்மீனைப் பிடித்தார்.

நான் நோவா ஸ்கோஷியாவில் பயின்றுகொண்டிருந்த நாட்களில், முதிய படகோட்டி ஒருவருக்கு விடுமுறைகளில் உதவியாளனாக இருந்தேன். ஒருநாள் புத்தம் புதிய ரீல் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார். புதியது என்பதனாலேயே அது பழுதற்றது என்று நான் முடிவுகட்டி, எதையும் சோதியாமல் கோலில் மாட்டினேன். பெரிய சூரை ஒன்று இரையைக் கவ்வியது. பேரோட்டம் ஓடிற்று, சற்றே நின்றது, மீண்டும் பாய்ந்தது. அந்தக் கணத்தில் நூல் துப்பாக்கி வெடித்தாற்போல் அறுந்தது. முள்ளையும் நெடுந்தொலைவு நூலையும் இழுத்துக்கொண்டு மீன் போய்விட்டது. பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நாளைக் காலை ஒரு சுருள்வில் தராசு கொண்டு வா" என்று மட்டும் கூறினார்.

மறுநாள் நூலின் நுனியைத் தராசின் கொக்கியில் கட்டி, நான் இழுத்தேன். அவர் முள்ளை நோக்கினார். உருளை நகரத் தொடங்குவதற்கு 28 கிலோ விசை தேவைப்பட்டது. நகர்ந்தபின் 20 கிலோவே போதுமானதாயிற்று. நிற்கும் பொருளின் உராய்வு ஓடும் பொருளின் உராய்வைவிட மிகுதி என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். புதிய தட்டுகள் ஒன்றோடொன்று இன்னும் படியவில்லை. ஆதலால் அந்த வேற்றுமை அளவு மீறி இருந்தது.

அத்துடன் வேறொரு விதியும் சேர்ந்துகொண்டது. தடையின் திருப்புவிசை மாறுவதில்லை. ஆனால் நூல் வெளியேற வெளியேற, உருளையில் எஞ்சிய சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால் நூலின்மேல் விழும் இழுப்பு இருமடங்காகிறது. 28 என்பது 56 ஆகும். நீரினூடே இழுபடும் நீண்ட நூலின் தடையும் அதனோடு கூடினால் 60 கிலோ நூல் என்ன செய்யும்? ஓடும் மீனைக் கண்டதும் தடையை இறுக்கவே புதியவனின் கை துடிக்கும். தேர்ந்தவனோ நூல் குறையக் குறையத் தடையைத் தளர்த்துவான்.

பின்னர் அவர் அந்த ரீலைச் செப்பம் செய்யக் கற்றுத்தந்தார். முதலில் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளி, உருளையை வெறுமனே சுழலவிட்டோம். அது ஓசையின்றி நெடுநேரம் சுழலவேண்டும். கரகரப்புத் தோன்றினால் பேரிங்கில் தூசு இருக்கிறது, அல்லது மசகு இல்லை என்பது பொருள். உருளை பக்கவாட்டில் ஆடுகிறதா, கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல் சரியாக விழுகிறதா என்று பார்த்தோம். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புநீர் அரிக்காதபடி மெல்லிய கிரீஸ் பூசி மீண்டும் முடுக்கினோம். உராய்வுத் தட்டில் மட்டும் செய்தவர் குறிப்பிட்ட மசகைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசைகூட ஆகாது.

அடுத்து, நம் கடற்கரையில் தங்கூசி என வழங்கும் நைலான் நரம்பை இறுக்கமாகவும் சீராகவும் சுற்றினோம். தளர்வாகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கிக்கொள்ளும். இறுதியில் தட்டுகள் படியும்வரை நூலைப் பலமுறை இழுத்துவிட்டு, தராசைக் கொண்டு தடையை அமைத்தோம். நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ என்பது அவர் கணக்கு. இப்போது தொடக்க இழுப்பும் ஓட்ட இழுப்பும் ஏறக்குறைய ஒன்றாயின. வேலை முடிந்ததும் நெம்புகோலை முற்றும் தளர்த்தி வைத்தார். அழுந்தியே கிடந்தால் தட்டுகள் கெடும்.

அடுத்த வாரம் அதே ரீலில் மற்றொரு சூரை சிக்கியது. ஒரு மணி நேரத்திற்கு மேல் போராடியபின் படகின் ஓரத்திற்கு வந்தது. அடையாளச் சீட்டு ஒன்றை அதன் முதுகில் குத்தி, முள்ளை அகற்றி, நீந்திச் செல்லவிட்டோம். அது ஆழத்தில் மறைவதைக் கண்டபோது, என் கவனக்குறைவால் முள்ளைச் சுமந்துகொண்டு போன முதல் மீனே என் நினைவிற்கு வந்தது. நூல் அறுந்ததால் எனக்கு நேர்ந்த இழப்பு சிறிது. துன்பம் முழுவதும் அம்மீனுடையது.

மாணவர்களே, இதனை அறிந்துகொள்ள நீங்கள் கடலுக்குச் செல்லவேண்டியதில்லை. நூற்கண்டு ஒன்றைப் பென்சிலில் கோத்து, பக்கத்தில் ஒரு துணியால் ஒரே அளவாக அழுத்திப் பிடித்து, உங்கள் ஆய்வுக்கூடத்துத் தராசினால் நூலை இழுத்துப் பாருங்கள். கண்டு நிறைந்திருக்கும்போது ஓர் எண்; மெலிந்தபின் வேறோர் எண். அந்த இரண்டு எண்களையும் அன்றே நான் குறித்துப் பார்த்திருந்தால், ஒரு மீன் நலமாக நீந்திச் சென்றிருக்கும்.