செல்போன் சொல்லும் முகவரியை எவ்வளவு நம்பலாம்?

சரக்கு தரமாக இருந்தால் மட்டும் போதாது. சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இறங்கினால்தான் வியாபாரம். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து' என்றால் உள்ளூர் வண்டிக்காரருக்குப் போதும். ஆனால் இன்று மொத்தக் கடைக்கு ஆர்டர் கொடுப்பதும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மளிகை அனுப்புவதும் செல்போன் செயலி வழியே நடக்கின்றன. பொத்தானைத் தொட்டதும் தெருப் பெயரும் ஊர்ப் பெயரும் திரையில் வந்துவிடுகின்றன. அதை அப்படியே நம்பி வண்டியை அனுப்பலாமா?

எண்ணிலிருந்து பெயர்

செல்போனுக்கு ஊர்ப் பெயர் எதுவும் தெரியாது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு அது கணக்கிடுவது அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களை மட்டுமே. சென்னைக்கு இவை ஏறத்தாழ 13.08, 80.27. செயலி இந்த எண்களை வரைபட விவரங்கள் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அந்தப் புள்ளி எந்த மாவட்டம், எந்த ஊர் எல்லைக்குள் விழுகிறது, பக்கத்தில் பதிவாகியுள்ள தெரு எது, கதவு எண் எது என்று அது தேடுகிறது. கிடைத்ததையெல்லாம் கோத்து முகவரியாகத் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே, திரையில் வரும் பெயர் வரைபடத்தில் பதிவானவற்றுள் நமக்கு அருகில் இருப்பது, அவ்வளவுதான். பேரேட்டில் எழுதாத பாக்கி கணக்கில் வராது; வரைபடத்தில் பதியாத தெருவும் முகவரியில் வராது. 'பெயரிடப்படாத சாலை' என்று வருவது இதனால்தான்.

பிசகும் இடங்கள்

முதலாவது, எண்ணைச் சுருக்குவது. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்தால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகலாம். நான்கு இலக்கம் கொடுத்தால் சுமார் 11 மீட்டருக்குள் அடங்கும். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் சென்னைச் சரக்கு வடதுருவப் பக்கம் போய்விடும்!

இரண்டாவது, 'அருகில்' என்பதில் உள்ள சிக்கல். திறந்த வெளியில் செல்போன் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய கடைவீதியில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும். முனைக்கடைக்கு வாசல் ஒரு தெருவில் இருக்க, பக்கத்துத் தெருவின் பெயர் வந்துவிடும்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். எழும்பூர் என்பார் ஒருவர், எக்மோர் என்பார் மற்றவர். அண்ணா சாலையை இன்றும் மவுண்ட் ரோடு என்பவர் உண்டு. தமிழக அரசு 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஒரே ஊர் பல வடிவங்களில் எழுதப்படுவது நீடிக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

* கடை வாசலில், வானம் தெரியும் இடத்தில் நின்று வரைபடக் குறியை வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து பதிந்தால் சரக்கு வீட்டுக்குத்தான் வரும். கிடங்கு வேறிடம் என்றால் அதற்குத் தனிக் குறி.

* கதவு எண், தெரு, அடையாளம், பின்கோடு ஆகியவற்றைக் கையால் நிரப்புங்கள். 1972 முதல் நடப்பில் உள்ள அந்த ஆறு இலக்க எண், ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களைப் பிரித்துக்காட்டும்.

* பில்லில் நம் கடை முகவரி ஜி.எஸ்.டி. பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். திரையைப் பார்த்து எழுத வேண்டாம்.

* அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட 'டிஜிபின்' பத்து எழுத்துக் குறியீட்டையும் குறித்துவையுங்கள். சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைக் காட்டும் இது, எண்களிலிருந்து நேரடியாகக் கணக்கிடப்படுவதால் தெருப் பெயர் குழப்பம் இதில் இல்லை. பின்கோடுக்கு இது மாற்றல்ல, துணை.

* வரைபடத்தில் பெயர் தவறாக இருந்தால் திருத்தம் அனுப்புங்கள். கூகுள் மேப்ஸில் கட்டணமின்றித் திருத்தம் தெரிவிக்கலாம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் நேரடியாகத் திருத்தலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. சிறு வணிகருக்கு அவரேதான் எல்லாம். ஆகவே கிளைச் சங்கங்கள் ஒரு விடுமுறை நாளில் கூடி, தம் கடைவீதி முழுவதையும் கடை கடையாகச் சரிபார்த்துப் பதிவு செய்யலாம். ஒரு கடையின் பெயர் தவறினால் நஷ்டம் ஒருவருக்கு. தெருவின் பெயரே தவறினால் நஷ்டம் எல்லோருக்கும்.