நிதிச் சந்தை மேற்பார்வையில் பொருளியலறிவு: தோட்டப்புற முதலீட்டாளர் நோக்கில் ஒரு விளக்கம்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தமிழர்க்கும் பங்குச் சந்தைச் சட்டங்களுக்கும் தொடர்பு யாது என்னும் வினா எழலாம். 1980களில் மலேசியத் தோட்டப்புறத்திற்கு அத்தொடர்பு நேரடியாகவே ஏற்பட்டது. 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் முயற்சியால் தோன்றிய மைக்கா ஹோல்டிங்ஸ், 66,000 பங்குதாரர்க்கு மேற்பட்டோரிடமிருந்து ஏறத்தாழ 10 கோடியே 60 இலட்சம் ரிங்கிட் திரட்டியது. அவர்களுள் தோட்டத் தொழிலாளர் பலர். பங்கொன்றின் விலை ஒரு ரிங்கிட். 2010இல் அதனைத் திரும்ப வாங்க முன்வந்தோர் கூறிய விலை 80 காசு.

நிருவாகத்தைக் குறைகூறி இதனை முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே முடித்துள்ளனர். ஆயினும், பங்கு வெளியீட்டின்போதே கேட்கப்படவேண்டிய வினாக்கள் சில உண்டு. விளக்க ஏட்டில் உள்ளது உண்மையா என்று வழக்குரைஞர் ஆராய்வார். கணக்கு பொருந்துகிறதா என்று கணக்காய்வாளர் பார்ப்பார். அனைத்தும் உண்மையாகவே இருப்பினும் வாங்குபவர் நிலை என்னவாகும் என்று வினவுபவர் பொருளியலறிஞரே. மைக்கா பங்குகள் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. எனவே, வேண்டும்பொழுது விற்பதற்கு வழியில்லை. அதே காலத்தில் ஊழியர் சேமநிதி 1983 முதல் 1987 வரை ஆண்டுதோறும் 8.5 விழுக்காடு ஈவு வழங்கியது. அவ்வீதத்தில் நான்கே ஆண்டுகளில் ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 1 ரிங்கிட் 39 காசாக வளர்ந்திருக்கும். இதனையே பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர்.

1993இல் அமைந்த பங்குப் பத்திர ஆணையம், 1996 முதல் படிப்படியாகத் தகுதியாய்வு முறையினின்று வெளிப்படுத்தல் முறைக்கு மாறியது. வெளியீட்டின் தகுதியை ஆணையமே எடைபோட்ட நிலை மாறி, தகவலைப் படித்து முதலீட்டாளரே முடிவு செய்யும் நிலை வந்தது. இதனால் ஆணையத்திற்குப் பொருளியலறிவு குறைவாகவே தேவைப்படும் எனத் தோன்றும். உண்மை இதற்கு மாறானது. தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திக்கொண்ட தொழிலாளி அவ்வேட்டை எங்ஙனம் எடைபோடுவார் என்பதும் ஆராயப்படவேண்டிய பொருளியல் வினாவே.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2009இல் இதற்கெனத் தனிப் பிரிவை நிறுவியது. அவ்வாணையத்தின் விதியொன்றைப் பொருளியல் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என்று 2011இல் நீதிமன்றம் நீக்கிய பின்னர், விதி உருவாக்கத்தின் தொடக்கத்திலேயே பொருளியலார் பங்குபெறவேண்டும் என 2012இல் நெறிமுறை வகுக்கப்பட்டது. இத்தொடக்கம் என்பதே முக்கியம். முடிந்துபோன வரைவுக்குப் புள்ளிவிவரம் சேர்க்க மட்டும் அழைக்கப்படும் அறிஞரால் பயன் சிறிதே.

அத்தகையோர் மலேசியாவில் முதலில் திரட்டவேண்டியது, வாங்குவோர் யார் என்னும் தரவு: அவர்தம் வருமானம், மொழி, வயது, தோட்டம் விற்கப்பட்டபோது பெற்ற இழப்பீட்டுத் தொகை எங்குச் சென்றது என்பன.